சத்தத்தின் நீளமும் பச்சை ரத்தமும்

ஒரு கல்லூரி மாணவர் கணினி முன்னால் உட்கார்ந்து ‘உல்ஃபென்ஸ்டைன் 3டி’ ஆடுகிறார். நாஜிக் காவலர்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டே கோட்டையிலிருந்து தப்பிக்க வேண்டிய ஆட்டம் அது. இன்னொரு மாணவருக்குக் கொடுத்திருப்பது ‘மிஸ்ட்’. ஆளரவமற்ற தீவில் அலைந்து புதிர்களை அவிழ்க்க வேண்டும். துப்பாக்கிக்கு அங்கே வேலையே இல்லை. பிறகு இருவருக்கும் ஒரே போட்டி. சைகை கிடைத்ததும் யார் முதலில் பொத்தானை அழுத்துகிறார் என்று பார்ப்பார்கள். தோற்றவரின் காதில் ஹெட்ஃபோன் வழியாக ஓர் இரைச்சல் பாயும். எதிராளி அடுத்த அறையில் இருக்கிறார், அவருக்குப் பாய வேண்டிய இரைச்சலை நீங்களே கூட்டிக் குறைக்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த அறையில் யாரும் இல்லை. வெற்றி தோல்வியைக் கணினியே முடிவு செய்கிறது. மாணவர் எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் இரைச்சலை விடுகிறார் என்பதுதான் ஆய்வாளர்களுக்கு வேண்டிய விடை.

கிரெய்க் ஆண்டர்சனும் கேரன் டில்லும் நடத்திய இந்தச் சோதனை 2000-இல் கட்டுரையாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் பள்ளியின் மாணவர்கள் இருவர் 12 சக மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த இருவரும் ‘டூம்’ என்ற சுடும் ஆட்டத்தில் ஊறியவர்கள். ஆண்டர்சன்-டில் கட்டுரையும் கொலம்பைனிலிருந்துதான் தொடங்குகிறது. சோதனையில் கண்டது என்ன? தோற்ற சுற்றுக்குப் பிறகு, சுடும் ஆட்டம் ஆடியவர்கள் இரைச்சலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டார்கள். அந்தக் கூடுதல் ஒரு வினாடியின் சிறு பகுதி. இரைச்சலின் பலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

வினாடியின் சிறு பகுதியிலிருந்து பள்ளி வளாகத்துத் துப்பாக்கிச் சூடு வரை ஒரு நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அரசியல்வாதிகளும் செய்தித்தாள்களும் சில ஆய்வாளர்களும் ஒரே எட்டில் தாண்டிவிட்டார்கள் என்பதே இருபத்தைந்து ஆண்டு ஆராய்ச்சியை வாசித்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது. ஆட்டங்கள் மனத்தை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வுக்கூடங்கள் அளந்தது வேறு, வெளியே பேசப்பட்டது வேறு.

இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1954-இல் பிரெடெரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் புத்தகங்கள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று நூல் எழுதி அமெரிக்க செனட் வரை போனார். காமிக்ஸ் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதித்துக்கொண்டன. பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய ஆவணங்களைத் திறந்து பார்த்த கேரல் டில்லி என்ற ஆய்வாளர், வெர்தாம் தன்னிடம் வந்த சிறுவர்களின் வாக்குமூலங்களை வெட்டி ஒட்டித் திரித்திருந்ததை 2012-இல் வெளியிட்டார். வீடியோ கேமின் முறை 1976-இல் ‘டெத் ரேஸ்’ ஆட்டத்தோடு வந்தது. திரையில் குச்சி குச்சியாகத் தெரியும் உருவங்களின்மேல் காரை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஓர் அலறல், ஒரு சிலுவைக் குறி. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். 1993 டிசம்பரில் ‘மோர்ட்டல் காம்பாட்’ என்ற சண்டை ஆட்டத்தை முன்வைத்து செனட்டர்கள் ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் விசாரணை நடத்தினார்கள். அதன் விளைவாக 1994-இல் ஆட்டங்களுக்கு வயதுத் தரம் குறிக்கும் அமைப்பு அமெரிக்காவில் உருவானது. கொலம்பைன் நடந்தபோது குற்றவாளிக் கூண்டு ஏற்கெனவே தயாராக இருந்தது.

ஆய்வாளர்கள் ஏன் இரைச்சலை அளந்தார்கள் என்று கேட்பது நியாயம். சோதனைக்கு வந்தவர்களை ஒருவரையொருவர் அடிக்கச் சொல்ல முடியாது. எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. அதனால் அடியின் இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டியிருக்கிறது. இரைச்சல் அப்படி வந்தது. காரம் பிடிக்காதவர் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு எவ்வளவு மிளகாய்ச் சாறு ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று அளந்தவர்களும் உண்டு. பாதி எழுதிய சொல்லைக் கொடுத்து, அதை ‘முத்தம்’ என்ற பொருளில் நிரப்புகிறாரா, ‘கொல்’ என்ற பொருளில் நிரப்புகிறாரா என்று பார்த்தார்கள். இவையெல்லாம் சேர்ந்து ‘முரட்டுத்தனம்’ என்ற ஒரே பெயரில் கட்டுரைகளில் ஏறின. ஆனால் அந்த இரைச்சலை விடுபவர், எதிராளி ஒப்புக்கொண்டு வந்த போட்டிக்குள்தான் விடுகிறார். எதிராளியும் திருப்பி விடுகிறார். அது கோபமா, போட்டி உணர்வா, வெறும் குறும்பா என்று கருவிக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஜெர்மன் உளவியலாளர் மால்ட்டே எல்சன் இந்த இரைச்சல் சோதனையைப் பயன்படுத்திய 130 வெளியீடுகளைச் சேகரித்து, முடிவை எப்படியெல்லாம் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று எண்ணினார். 157 வழிகள். சிலர் பலத்தை மட்டும் எடுத்தார்கள், சிலர் நேரத்தை மட்டும். சிலர் முதல் சுற்றை, சிலர் எல்லாச் சுற்றுகளின் சராசரியை, சிலர் பலத்தையும் நேரத்தையும் பெருக்கிய தொகையை. ஒரே குழுவினர் ஒரு கட்டுரையில் ஒரு வழியும் அடுத்த கட்டுரையில் வேறு வழியுமாகப் போயிருந்தார்கள். ஒரு வழியில் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த வழியில் தெரிந்துவிடும். கடைக்காரர் விற்கும்போது ஒரு படியும் வாங்கும்போது இன்னொரு படியும் வைத்திருந்தால் ஊரில் என்ன பெயர் வைப்பார்கள்? ஆய்வாளர்கள் எல்லாரும் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்பதல்ல. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைக்காதவர்களுக்குத் தேடியது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

தனித்தனிச் சோதனைகளை நம்ப முடியாதென்றால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகளுக்குப் போகலாம். 2010-இல் ஆண்டர்சன் குழு அப்படி ஒன்றைச் செய்தது. 1,30,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வுகள் அதில் அடக்கம். வன்முறை ஆட்டத்துக்கும் முரட்டு நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.15 முதல் 0.2 வரை என்றார்கள். 2015-இல் கிறிஸ்டோபர் ஃபெர்குசன் சிறுவர்களையும் இளையோரையும் பற்றிய 101 ஆய்வுகளைத் தொகுத்தார். அவருக்குக் கிடைத்தது 0.06. வாசகருக்கு இந்த எண்கள் எதுவும் சொல்லாமல் போகலாம். கெழுவை அதனாலேயே பெருக்கினால், ஒருவருக்கொருவர் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பங்கு ஆட்டத்தோடு சேர்ந்து போகிறது என்று தெரியும். 0.15 என்றால் சுமார் 2 சதவீதம். 0.06 என்றால் அரை சதவீதம்கூட இல்லை. இரு தரப்பும் கால் நூற்றாண்டாகச் சண்டையிட்டுக்கொண்டிருப்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான். ஜோசப் ஹில்கார்டும் சகாக்களும் 2017-இல் ஆண்டர்சன் குழுவின் தரவையே மீண்டும் ஆராய்ந்தார்கள். விளைவு தெரியாத சோதனைகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட, விளைவு தெரிந்தவை மட்டும் அச்சேறியதன் தடம் ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெளிவாக இருந்தது. அதைக் கழித்தால் விளைவு இன்னும் சுருங்கியது. அதே ஆண்டு, துப்பாக்கி வடிவக் கருவியோடு சுடும் ஆட்டம் ஆடியவர்கள் நிஜத் துப்பாக்கியிலும் தலையைக் குறிவைக்கத் தேறுகிறார்கள் என்று சொன்ன 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, தரவில் முரண்பாடுகள் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் சில நிமிடம் ஆடியதை வைத்து வாழ்க்கையைப் பேச முடியாது, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு. அப்படிப் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளை, 17,000-க்கும் மேற்பட்டவர்களை, 2018-இல் ஒரு குழு தொகுத்துச் சிறிய ஆனால் உறுதியான தொடர்பு உண்டு என்றது. 2020-இல் இன்னொரு குழு 28 ஆய்வுகளைத் தொகுத்தது. கெழு மறுபடியும் 0.06-ஐ ஒட்டியே வந்தது. ஆய்வின் தரம் உயர உயர விளைவு மறைந்துகொண்டே போனது என்பது அவர்களுடைய கூடுதல் கண்டுபிடிப்பு.

சிங்கப்பூர்த் தரவின் கதை இன்னும் சுவையானது. அங்கே 3,034 பள்ளிப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை வைத்து, டக்ளஸ் ஜென்டைல் உள்ளிட்ட குழு 2014-இல் எழுதியது: வன்முறை ஆட்டம் வன்முறை எண்ணங்களை வளர்க்கிறது, அதன் வழியே முரட்டு நடத்தையும் கூடுகிறது. 2019-இல் ஃபெர்குசனும் ஜான் வாங்கும் அதே பிள்ளைகளின் தரவை எடுத்து, எதை எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்று முதலிலேயே பதிவு செய்துவிட்டுக் கணக்கிட்டார்கள். தொடக்கத்தில் ஆடிய ஆட்டம் பின்னாளைய முரட்டுத்தனத்தை முன்னுரைக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. பிள்ளைகள் அதே பிள்ளைகள், விடைத்தாளும் அதே விடைத்தாள். குடும்பச் சூழல், பாலினம், முன்பே இருந்த சுபாவம் ஆகியவற்றை எந்த அளவுக்குக் கணக்கில் கொள்வது என்ற தேர்வுகளில்தான் முடிவு புரண்டது. முரட்டுப் பிள்ளை முரட்டு ஆட்டத்தைத் தேடிப் போவதும் உண்டு. அந்தப் பங்கைப் பிரிக்காதவரை காரணம் எது, காரியம் எது என்று சொல்ல வழியில்லை.

என்னை அதிகம் நம்ப வைத்தவை இரண்டு ஆய்வுகள். ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 2019-இல் 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். கணக்கு முறையை முன்கூட்டியே பதிவு செய்தார்கள். ஆட்டம் வன்முறையானதா என்பதை ஆடும் பிள்ளையிடம் கேட்காமல் அதிகாரபூர்வத் தரக் குறியீட்டிலிருந்து எடுத்தார்கள். பிள்ளையின் முரட்டுத்தனம் பற்றிப் பெற்றோரிடம் கேட்டார்கள். தொடர்பு எதுவும் தெரியவில்லை. இன்னொன்று ஜெர்மனியில் சிமோனே கூன் தலைமையில் நடந்தது. பெரியவர்களில் ஒரு குழு இரண்டு மாதம் நாள்தோறும் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ என்ற வன்முறை ஆட்டத்தை ஆடியது, இன்னொன்று வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் ‘சிம்ஸ் 3’ ஆடியது, மூன்றாவது குழு எதுவும் ஆடவில்லை. முரட்டுத்தனம், பரிவு, மனநிலை எனப் பலவற்றை அளந்தும் வன்முறை ஆட்டக் குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. ஆடியவர்கள் வளர்ந்தவர்கள், பத்து வயதுக் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் ஆடி முடித்த பையன் எரிந்து விழுகிறானே, ரிமோட்டைத் தூக்கி எறிகிறானே என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தக் கெழுக்கள் பதில் ஆகாது. அவர்கள் கண்ணால் பார்ப்பது பொய்யல்ல. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் பால் அடாச்சியும் டீனா வில்லோபியும் 2011-இல் ஒரு வாள்வீச்சு ஆட்டத்தையும் ஒரு கார்ப் பந்தய ஆட்டத்தையும் எடுத்து, கடினத்திலும் வேகத்திலும் போட்டித்தன்மையிலும் இரண்டும் இணையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். முரட்டுத்தனத்தில் வேறுபாடு இல்லை. அடுத்த சோதனையில், ரத்தம் இல்லாவிட்டாலும் கடும்போட்டியுள்ள ஆட்டம் ஆடியவர்கள்தான் அதிகம் சீறினார்கள். பிரிஸ்பில்ஸ்கி 2014-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். சாதுவான ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தையே கெடுத்து, வேண்டிய துண்டு வராதபடி செய்து ஆட வைத்தார். பொத்தான்கள் சரியாகக் கைக்கு அடங்காத ஆட்டங்களையும் கொடுத்துப் பார்த்தார். தன் திறமைக்குத் தடை விழும்போது மனிதர்கள் எரிச்சலடைகிறார்கள், திரையில் துப்பாக்கி இருக்கிறதா என்பது முக்கியமில்லை என்று தெரிந்தது. நம்மூர்த் தெரு கிரிக்கெட்டில் ஓர் எல்.பி.டபிள்யூ. முறையீடு எத்தனை நட்புகளை முறித்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பொன்றும் இல்லை. நாம் யாரும் கிரிக்கெட்டைத் தடை செய்யச் சொன்னதில்லை.

எரிச்சல் ஒரு புறம் இருக்கட்டும். கொலை? அமெரிக்க ரகசியக் காவல் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் தாக்குதல் நடத்திய 41 பேரை ஆராய்ந்தன. வன்முறை வீடியோ கேம்களில் ஆர்வம் காட்டியவர்கள் 12 சதவீதம். வன்முறைப் படங்களில் ஆர்வம் காட்டியவர்கள் 27 சதவீதம். தங்கள் சொந்தக் கதையிலும் கவிதையிலும் நாட்குறிப்பிலும் வன்முறையை எழுதியவர்கள் 37 சதவீதம். இந்தக் கணக்குப்படி கண்காணிக்க வேண்டியது கதை எழுதும் பிள்ளைகளைத்தான்! 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்ட அன்றே தொலைக்காட்சியில் வீடியோ கேமைக் கைகாட்டினார்கள். விசாரணைக் குழுவுக்கோ கொலையாளி வன்முறை ஆட்டங்கள் ஆடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் சுட்டவனிடம் சுடும் ஆட்டங்களும் இருந்தன. ஆனால் அவன் மணிக்கணக்கில் வெளியே போய் ஆடியது, திரை காட்டும் அம்புக்குறிக்கேற்பக் கால் வைக்கும் நடன ஆட்டம்.

குற்றப் புள்ளிவிவரத்தையும் கொஞ்சம் பார்க்கலாம், நிதானத்தோடு. 1990-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட அமெரிக்க வன்முறைக் குற்றங்கள், வீடியோ கேம் விற்பனை வீங்கிய அடுத்த இருபது ஆண்டுகளில் பெருமளவு சரிந்தன. ஆட்டத்துக்காக மிக அதிகம் செலவிடும் ஜப்பானும் தென் கொரியாவும் கொலை விகிதத்தில் உலகின் அடிமட்டத்தில் இருக்கின்றன. இதை வைத்து ஆட்டம் குற்றத்தைக் குறைக்கிறது என்று சொல்லப் போனால் அதுவும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதே. பொருளியலாளர்கள் சிலர் வாராந்திர விற்பனையையும் குற்றப் பதிவையும் ஒப்பிட்டு 2016-இல் எழுதியது மட்டும் யோசிக்க வைக்கிறது: வன்முறை ஆட்டம் அதிகம் விற்றபின் குற்றம் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. அவர்கள் சொன்ன காரணம் எளிது. ஆட்டத்தில் மூழ்கிய இளைஞன் வீட்டில் இருக்கிறான், தெருவில் இல்லை.

சட்டம் இந்தக் கேள்வியை 2011-இல் நேரடியாகச் சந்தித்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கு வன்முறை ஆட்டங்களை விற்கத் தடை விதித்த கலிஃபோர்னியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியா ஆய்வுகளையும் பரிசீலித்தார். ஆட்டத்தின் விளைவு, பக்ஸ் பன்னி கார்ட்டூன் பார்ப்பதன் விளைவுக்கு ஏறக்குறைய சமம் என்று ஆண்டர்சனே ஒப்புக்கொண்டிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். பிறகு ஏன் கார்ட்டூனை விட்டுவிட்டு இதை மட்டும் தடுக்கிறீர்கள் என்பது கேள்வி. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த லேலண்ட் யீ என்ற மாநில உறுப்பினர், பின்னாளில் ஊழல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2016-இல் ஐந்தாண்டுச் சிறை பெற்றார். ஆயுதக் கடத்தலுக்கு உதவுவதாக வாக்களித்ததும் அந்த வழக்கில் ஒரு பகுதி. வாதத்துக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அமெரிக்க உளவியல் சங்கம் 2005-இலும் 2015-இலும் ஆட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 2013-இலேயே இருநூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் அதை எதிர்த்துக் கடிதம் எழுதியிருந்தார்கள். 2020-இல் சங்கம் வாசகத்தைத் திருத்தியது: கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுச் செயல்களோடு சிறிய தொடர்பு உண்டு, வன்முறைக் குற்றத்தோடு தொடர்புபடுத்தப் போதிய சான்று இல்லை, அப்படிப் பழி போடுவது உண்மையான காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது. ஆண்டர்சன் தரப்புக்கு இன்னும் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. விளைவு சிறிதானாலும் கோடிக்கணக்கானோர் ஆடும்போது சமூகத்தில் அது பெரிதாகும் என்கிறார்கள். கூட்டல் கணக்காக இது சரி. ஆனால் அளவுகோலின் பிழையைவிடச் சிறிய விளைவைக் கோடியால் பெருக்கினால் கிடைப்பது பெரிய பிழையாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் இந்த விவாதம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையாமலேயே நடந்தது. 2017-இல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘புளூ வேல்’ ஆட்டத்தைப் பற்றிப் பீதி கிளம்பியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, பள்ளிகளுக்குச் சுற்றறிக்கைகள் பறந்தன. 2018 தொடக்கத்தில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது, ஆராய்ந்த மரணங்கள் எதிலும் அந்த ஆட்டத்தின் பங்கு நிறுவப்படவில்லை என்பது. அடுத்து ‘பப்ஜி’ என்ற கைப்பேசிச் சுடும் ஆட்டம். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல்துறை அதைத் தடை செய்து, கைப்பேசியும் கையுமாகப் பிடிபட்ட இளைஞர்களைக் கைது செய்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான், தேர்வு எழுதும் மாணவர்களோடு பிரதமர் நடத்திய சந்திப்பில் ஒரு தாய் மகனின் ஆன்லைன் ஆட்டப் பழக்கத்தைப் பற்றிக் கேட்க, இவன் பப்ஜிக்காரனா என்று பிரதமர் கேட்டு அரங்கைச் சிரிக்க வைத்திருந்தார். அந்தத் தாயின் கவலை மகன் யாரையாவது சுட்டுவிடுவான் என்பதல்ல, படிப்பு. 2020 செப்டம்பரில் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகள் தடையானபோது அரசு சொன்ன காரணமும் வன்முறை அல்ல. தரவுப் பாதுகாப்பும் நாட்டின் இறையாண்மையும்.

2022 ஜூனில் லக்னோவில் ஒரு சிறுவன் தாயைச் சுட்டுக் கொன்றதாகவும், பப்ஜி ஆடத் தடுத்ததே காரணம் என்றும் போலீஸ் தரப்பு சொன்னது. ‘பப்ஜி கொலை’ என்று தலைப்புகள் வந்தன. சிறுவனின் கைக்கெட்டும் இடத்தில் உரிமம் பெற்ற நிஜக் கைத்துப்பாக்கி இருந்தது என்ற தகவல் செய்தியின் உள்ளே ஒரு வரியில் போயிற்று.

ஆட்டத்தில் பிள்ளைகளுக்குக் கேடு எங்கே இருக்கிறது என்று தேடிய ஓர் அரசு அமைப்பின் முடிவைப் பார்க்கலாம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2022 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ ஆட்டத்தின் உரிமையாளரான எபிக் கேம்ஸ் நிறுவனத்தை 52 கோடி டாலர் கட்ட வைத்தது. ஃபோர்ட்நைட்டும் சுடும் ஆட்டம்தான், ஆனால் ஆணையத்தின் குற்றச்சாட்டில் சுடுவது இல்லை. பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளின் தகவலைத் திரட்டியது, அந்நியர்களோடு பேசும் வசதியைப் பிள்ளைகளுக்கும் திறந்தே வைத்திருந்தது, தெரியாமல் தொட்டாலும் பணம் போகும்படி பொத்தான்களை அமைத்தது ஆகியவையே குற்றங்கள். எத்தனை பேர் சாகிறார்கள் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் ஹெட்ஃபோனில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்க வழியில்லை.

பப்ஜி இந்தியாவுக்கு 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் திரும்பி வந்தது. நம் சமூகத்தின் மனம் நோகாதபடி சில மாற்றங்களைச் செய்திருந்தார்கள். குண்டு பாய்ந்தால் சிவப்பு ரத்தத்துக்குப் பதில் பச்சை தெறித்தது. 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம் என்றார்கள். அதே பிள்ளைகள் ஆட்டத்துக்குள் செலவிடுவதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: நாளொன்றுக்கு 7,000 ரூபாய்.